கட்டைவிரல் கல்வி

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள், வீடே பள்ளிக்கூடமானது. அனுமதிக்கு வாக்காளர் இடாப்பு வேண்டாம், கிராம சேவகர் கடிதம் வேண்டாம், நன்கொடைகூட வேண்டாம். வட்ஸ்அப் குழுவில் நம்பர் ஏறினால் போதும்.

கிழக்குக் கரையோரத் திருக்கோவிலில் பல வீடுகளில் அந்த நம்பர் அப்பாவுடையது. அவர் போனோடு தோணி ஏறினால் மூன்று பிள்ளைகளுக்கும் விடுமுறை. திரும்பி வந்தால் மூத்தவளுக்குக் கணிதம், நடுவிலானுக்கு விஞ்ஞானம், டேட்டா மிஞ்சினால் சின்னவனுக்குத் தமிழ். சூம் என்றால் கவரேஜ் தேடி வேலியோரம் ஓட வேண்டும். “விளங்குதா?” என்று டீச்சர் எழுதினால், பாடத்தைத் திறக்காதவனும் கட்டைவிரல் போடுவான். வகுப்பில் எல்லோருக்கும் விளங்கிய ஒரே காலம் அதுதான்.

2021 ஜூலையில் சம்பள முரண்பாடு தீரும்வரை ஒன்லைனில் படிப்பிப்பதில்லை என்று ஆசிரியர்கள் ஒதுங்கினார்கள். வீட்டில் படிப்பித்த அம்மாமாரும் ஒதுங்கத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கு முரண்படுவதற்குச் சம்பளம் இருக்கவில்லை.