பாலாற்றை எடைபோடுதல்

ஆம்பூர்த் தோல் ஷாப்பில் சுண்ணாம்பு, குரோம் எல்லாம் தோலின் எடைக்கு இத்தனை சதவீதம் என்று கணக்கிட்டே டிரம்மில் போடப்படும். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996-இல், உச்ச நீதிமன்றம் குறித்தது. செலவு தெரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரைத் தரும் பாலாற்று மணலுக்கடியில் இருப்பு எவ்வளவு? அதை எந்தத் தராசில் நிறுப்பது?

தராசு நான்கு வகைப்படும்.

முதலாவது தட்டுத் தராசு. தோலையும் எடைக்கல்லையும் பூமி ஒன்றுபோல் இழுப்பதால் எந்த ஊரிலும் அது ஒரே எடை சொல்லும். இழுப்பு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லாது.

இரண்டாவது எலக்ட்ரானிக் தராசு. இது தோல் அழுத்தும் விசையை அளப்பது. பாரிஸில் ஈர்ப்பு முடுக்கம் 9.81, வேலூரில் சுமார் 9.78. அங்கே சரிபார்த்ததை அப்படியே இங்கே வைத்தால் 100 கிலோ தோலில் கால் கிலோவுக்கு மேல் குறையும்.

மூன்றாவது ஊசல். மதராஸ் வானாய்வுக் கூடத்தில் 1821-இல் வானியலாளர் கோல்டிங்ஹாம் இதைக் கொண்டுதான் ஈர்ப்பை அளந்தார்.

நான்காவது அணு. ரூபிடியம் அணுக்களை லேசரால் தனிச்சுழி வெப்பநிலைக்கு வெகு அருகே குளிர்வித்து, வெற்றிடத்தில் விழவிடுவார்கள். விழும்போது மூன்று ஒளித்துடிப்புகள். முதல் துடிப்பு அணுவின் அலையை இரண்டாகப் பிரிக்கிறது, இரண்டாவது பாதைகளை ஒன்றையொன்று நோக்கித் திருப்புகிறது, மூன்றாவது சேர்க்கிறது. ஒளியைப் பிரிக்கும் கீற்றணி வழக்கமாகப் பொருளாலானது, அதில் சிதறும் அலை ஒளி. இங்கே ஒளி கீற்றணி, பொருள் அலை. துடிப்புகளுக்கிடையே 0.1 விநாடி விட்டால், இரு பாதைகளின் கட்ட வேறுபாடு சுமார் 2.5 லட்சம் சுழற்சிகள். அதில் ஒரு சுழற்சியின் சிறு பின்னத்தைக்கூடப் படிக்க முடிகிறது. 1991-இல் இயற்பியலாளர்கள் கேஸவிச்சும் ஸ்டீவன் சூவும் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். 1999-இல் பீட்டர்ஸ், சங், சூ மூவரும் நூறு கோடியில் 3 பங்குவரை ஈர்ப்பை அளந்தார்கள்.

இனி பாலாறு. மணலின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று கொள்வோம். பரந்த மணற்படுகையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், மேலே ஈர்ப்பு நூறு கோடியில் 8 அல்லது 9 பங்கு குறையும். விழும் அணுவுக்கு எட்டும் அளவு அது. ஆழ்துளை போடாமல், மணலைக் கிளறாமல், மணற்படுகையின் மேல் வைத்தே ஆற்று நீரின் ஏற்ற இறக்கத்தை நிறுக்கலாம்.

ஒன்றை இந்தத் தராசும் சொல்லாது. இருக்கும் தண்ணீர் குடிக்கத் தக்கதா, உப்பேறியதா என்பதைக் கிணற்றில் இறைத்துத்தான் அறிய வேண்டும். தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டதை அதே தீர்ப்பு பதிவுசெய்திருக்கிறது. ஆகவே அணுவும் வேண்டும், வாளியும் வேண்டும்.

கிலோவுக்கு 35 லிட்டர் என்று செலவை எழுதிய பேரேட்டில் இருப்புப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பாமல் கணக்கை முடித்ததாக எந்த மண்டிக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.