பாஸ்வேர்ட் சார்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் கார் வெளிவந்த காலந்தொட்டு, ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் பெரிய ஆலைகள் எழ எழ, அவற்றின் நிழலில் ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கும் பிரஸ் ஷாப்புகளும் டூல் ரூம்களும் பெருகிவந்தன என்பதும், அத்தகைய ஸ்தாபனம் ஒவ்வொன்றிலும் முதலாளி ஒருவர், பாங்கிக் கடன் ஒன்று, பாஸ்வேர்ட் சார் ஒருவர் ஆகிய மூன்றும் தவறாது இருக்கும் என்பதும் அந்தப் பிராந்தியத்தில் நடமாடியவர்கள் அறிந்தவையே. முதலிரண்டைப் பற்றிப் பேசுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சம்பளப் பட்டியலில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜாகவோ அக்கவுண்டன்டாகவோ இருக்கலாம். அது உலகத்துக்காக வைத்த பெயர். அவருடைய மெய்யான சாம்ராஜ்யம், அலுவலக மூலையில், பின்புறம் பருத்த பழைய மானிட்டரும், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனமும் குங்குமமும் படிந்து இறுகிய சி.பி.யூ.வுமாக வீற்றிருக்கும் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரே. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு கைகழுவிவிட்ட விண்டோஸ் எக்ஸ்பி அங்கே இன்றும் ஜீவித்திருக்கிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வருமுன் இருந்த டாலி கணக்குகளும், பழைய டைகளின் டிராயிங்குகளும், டெலிவரி சலான்களும் அதனுள்ளே அடக்கம்.

அவர் பாஸ்வேர்ட் இடும் வைபவம் பார்க்கத் தக்கது. ஆனால் பார்க்க அனுமதி இல்லை. இடது உள்ளங்கையால் கீபோர்டை மறைத்து, வலது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக அவர் அழுத்தி முடிக்கும்வரை, அறையிலுள்ள சகலரும் சுவரிலுள்ள காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஸ்தாபனத்துக்கு உடையவரான முதலாளிக்கும் இதில் விலக்கு கிடையாது. அந்த வருஷத்து முகூர்த்த நாட்களெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருப்பதன் காரணம் இதுதான்.

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரார்த்தத்தை, வெளியிட்டால் நரகம் என்ற எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல், ஊரார் உய்யட்டும் என்று உரக்கச் சொன்னதாகக் குருபரம்பரை போற்றும் இராமாநுஜர் அவதரித்த அதே ஸ்ரீபெரும்புதூரில், எட்டு எழுத்துள்ள ஒரு சங்கதியை இவ்வளவு கட்டிக்காக்கும் ஒரு ஜாதி மனிதர் தோன்றியிருப்பதைக் காலத்தின் கோலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சார் பேரனைப் பார்க்கக் கோயமுத்தூர் போகும்போதுதான் விபரீதம் சம்பவிக்கும். பழைய மாடல் ஒன்றுக்கு உதிரிப்பாகம் வேண்டுமென்று பெரிய கம்பெனியிலிருந்து அன்றைக்கென்று பார்த்து ஆர்டர் வரும். டிராயிங் மூலைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. முதலாளி போனை எடுப்பார்.

"சார், அந்தப் பாஸ்வேர்டைக் கொஞ்சம் சொல்லுங்க."

"அய்யய்யோ, போன்ல அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க முதலாளி. லீக் ஆயிடும். குழந்தைக்குப் பேர் வச்சதும் நானே வந்துடறேன்."

"சாயங்காலத்துக்குள்ள டிராயிங் வேணும் சார்."

"அவசரப்பட்டா காரியம் கெட்டுடுங்க."

பிறகு ஊகப் படலம். சாருடைய மகள் பெயர், குலதெய்வத்தின் பெயர், டி.வி.எஸ். ஃபிஃப்டியின் நம்பர் என்று ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்து எல்லாம் பொய்த்தபின், எலெக்ட்ரீஷியன் ஒருவர் முன்வந்து, உள்ளேயிருக்கும் பொத்தான் பாட்டரியைக் கழற்றி மாட்டினால் பூட்டு விட்டுப்போகும் என்று ஞானம் உரைப்பார். பயாஸுக்கு இட்ட பூட்டானால் பெரும்பாலும் விட்டுப்போகும்தான். விண்டோஸின் பூட்டு ஹார்டு டிஸ்கில் இருப்பதால் அது அசையாது. கம்ப்யூட்டரின் கடிகாரம் மட்டும் பல வருஷம் பின்வாங்கிக்கொள்ளும்.

கடைசியில் வருபவன் டூல் ரூமில் அப்ரண்டிஸாக இருக்கும் டிப்ளமா பையன். பாஸ்வேர்டை விண்டோஸ் அப்படியே எழுதி வைப்பதில்லை, அதைக் கணக்கிட்டுச் சிதைத்த ஓர் உருவத்தைத்தான் வைத்திருக்கிறது, ஆகையால் அழிக்கலாமே ஒழிய நேரே படிக்க முடியாது என்று அவன் விளக்கிக்கொண்டே, இயந்திரத்தை மறுபடி கிளப்பி, எஃப் 8 விசையைத் தட்டி, சேஃப் மோடில் நுழைவான். எக்ஸ்பியில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்றொரு மறைவான கணக்கு உண்டு. அதற்குப் பாஸ்வேர்ட் இடாமலே விட்டவர்கள் ஏராளம். நம் சாரும் அவர்களில் ஒருவர். இத்தனை வருஷம் முன்கதவில் காவல் இருந்த மனிதர், பின்கதவு ஒன்று இருப்பதையே அறியாதவர். இதில் அவரை மட்டும் பரிகசிப்பது நியாயமல்ல. எம்.ஐ.டி.யில் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் என்ற ஏற்பாடு வந்த சிறிது காலத்திலேயே, 1962-இல், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் எல்லோருடைய பாஸ்வேர்டையும் அச்சடித்து எடுத்துக்கொண்டுவிட்டார்.

உள்ளே டிராயிங் இருந்தது. கூடவே, சாருடைய மகளின் ஜாதகமும், நிராகரிக்கப்பட்ட வரன்களின் விவரங்களும், அடிக்கடி திறந்த அடையாளத்தோடு சீட்டாட்டமும் இருந்தன.

"பாஸ்வேர்டையே தூக்கிடட்டுமாண்ணே?" என்று பையன் உற்சாகமாகக் கேட்க, முதலாளி பதறிப்போய், "அதெல்லாம் வேணாம்ப்பா. டிராயிங்கை மட்டும் காப்பி பண்ணிக்க. சார் வந்தா அவருக்கு அப்புறம் என்ன இருக்கு?" என்பார். சார் திரும்பி வந்ததும் வழக்கம்போல எல்லோரும் காலண்டரைப் பார்ப்பார்கள், பையனும் பார்ப்பான். சார் தம் ஸ்தானத்தைத்தான் பூட்டி வைத்திருந்தார் என்பது அந்த முதலாளிக்கு எப்போதோ தெரியும். சம்பளத்தை உயர்த்த முடியாத வருஷங்களில் அவர் கொடுத்துவந்த மரியாதை அது.

அவர் இரக்கத்தால் செய்தது சாஸ்திரப்படியும் சரியே. எக்ஸ்பி புரொபஷனலில் கோப்புகளை என்க்ரிப்ட் செய்து வைத்திருந்தால், பாஸ்வேர்டை வலுவில் மாற்றியவுடன் அவை திறவாமற் போகும். ஆகையால், ஒரகடம் பக்கம் பட்டறை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சாரிடம் பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள், பஸ் செலவும் அரைக் கிலோ மைசூர்பாகும் கொடுத்து ஆள் அனுப்பி, வந்து திறந்து தரும்படி கேளுங்கள். திறந்த பிறகு ஒரு டிகிரி காப்பி வரவழையுங்கள். அவர் அதை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொள்ளலாம்.