பழைய குட்டி யானையின் திணறல்: ஐந்திணை நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

"இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை" என்று தொடங்குவது தமிழ் ஆய்வேடுகளின் மரபு. வழிகாட்டியின் அலமாரியைத் திறந்து பார்க்காதவருக்கு இந்தத் துணிச்சல் தானாக வரும். இங்கே மட்டும் அது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய குட்டி யானை, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் பாயாமல், சற்று யோசித்து, முக்கி முனகி, பிறகு மனமிரங்கி நகர்வதைப் பற்றி மெக்கானிக்குகள் நிறையவே பேசியிருக்கிறார்கள். அடிக்குறிப்பு போட்டு எவரும் பேசியதில்லை.

ஆய்வு எல்லை வருமாறு: டாடா நிறுவனம் 2005 மே மாதம் ஏஸ் என்ற பெயரில் கொண்டுவந்த சிறு சரக்கு வண்டியைத்தான் தமிழ்நாட்டுச் சந்தைகள் குட்டி யானை என்கின்றன. முதல் தலைமுறை வண்டிக்கு இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன். சுமை வரம்பு 750 கிலோ. இந்த எண் ஆர்சி புத்தகத்தில் மட்டும் வழங்குகிறது, சந்தைகளில் வழக்கொழிந்துவிட்டது.

ஆய்வு மாதிரி, ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் வியாபாரி ஒருவர் வாங்கிய பழைய வண்டி. ஒரே வண்டியை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பவர்கள், ஒரே நாவலை வைத்துத் தமிழ்ச் சமூகம் முழுவதையும் விளக்கிய ஆய்வேடுகளை ஒருமுறை புரட்டிவிட்டு வரவும்.

வண்டியின் வரலாற்றுக்குக் கிடைக்கும் ஒரே சான்று புரோக்கரின் வாய்மொழி: "கோயில் வண்டிங்க, பிரசாதம் தவிர வேற லோடே ஏத்துனதில்ல." பின்தட்டு இடுக்குகளில் இறுகிக் கிடக்கும் சிமெண்ட், அக்கோயிலின் திருப்பணிக் காலத்தைச் சேர்ந்ததாகலாம்.

இயல் 1: முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம். ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டதும் மெக்கானிக் கேட்டதும் அதையேதான். "எங்க திக்குது? காத்தாலயா, சூடானப்புறமா? லோடோடயா, வெறும் வண்டியிலயா? மேட்டுலயா, சமதரையிலயா?" தொல்காப்பியம் பயின்றவரா என்று ஆய்வாளர் வினவியதற்கு, ஐடிஐ என்றார்.

ஆகவே திணறலைத் திணைவாரியாகப் பகுப்பதே முறை.

குறிஞ்சி: பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலையில், சுமையோடு, இரண்டாம் கியரில் திணறுவது. எஞ்சின் அதிகமாக டீசல் கேட்கும் இடம் இது. சமதரையில் அரைகுறையாகச் சமாளித்துவந்த ஃபில்டர் அடைப்பு இங்கேதான் அம்பலமாகும்.

முல்லை: இருத்தல். ஒர்க்ஷாப் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், ஸ்பேர் வரும்வரை.

மருதம்: ஊடல். வாங்கியவருக்கும் புரோக்கருக்கும். தூது செல்ல எவரும் முன்வருவதில்லை.

நெய்தல்: தூத்துக்குடிப் பக்கம் உப்புக்காற்றில் கிடந்த வண்டியின் டாங்கியும் பைப்பும் துருவேறி, துருத்தூள் ஃபில்டரை வந்தடைவது. உரிப்பொருள் இரங்கல், பில் வந்தபின் நிகழும்.

பாலை: பிரிதல். அதாவது, இன்னொருவர் தலையில் கட்டிவிடுவது.

இயல் 2: புகை

கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுப் பற்றாக்குறை. வெண்புகை தொடர்ந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆய்வை அங்கேயே நிறுத்திவிட்டு ரிங், பிஸ்டன் செலவுக்குப் பணம் புரட்ட வேண்டும்.

மாதிரி வண்டி திணறும்போது எந்தப் புகையும் விடவில்லை. டீசல் போதாமல் திணறும் எஞ்சின் அப்படித்தான் இருக்கும், எரிய ஏதாவது வந்தால்தானே புகை வரும் என்றார் மெக்கானிக். ஆய்வாளர் இதைப் 'புகை மௌனம்' எனக் குறித்துக்கொண்டார். எது அகப்படாவிட்டாலும் அதை மௌனம் என்று பெயரிட்டு ஓர் இயல் எழுதிவிடலாம் என்பது அண்மைக்காலக் கருத்தரங்குகள் தந்த கொடை.

இயல் 3: ஏர் ஃபில்டர்

அடைத்திருந்தால் மாற்றவும்.

இயல் 4: மாற்று மரபு

எது கெட்டது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் மாற்றுவது இம்மரபு. மாதிரி வண்டி ஏற்கெனவே அதற்கு ஆட்பட்டிருந்தது. முதலில் டீசல் ஃபில்டர் (காண்க: உதிரிபாகக் கடை ரசீது). பிறகு நாசில் சர்வீஸ் (காண்க: மேற்படி ரசீது, பின்பக்கம், டீக்கறைக்கு வலப்புறம்). பிறகு டேப்பெட் செட்டிங் (காண்க: டேஷ்போர்டில் எலுமிச்சம்பழத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த பஞ்சர் கடைச் சீட்டு, மூன்றாம் மடிப்பு, கீழிருந்து இரண்டாம் வரி, அவ்வரி கிழிந்துவிட்டது, எனினும் கருத்து தெளிவு).

நாசில் சந்தேகத்தைத் தீர்க்கப் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போதே, நாசிலுக்குப் போகும் பைப்பின் யூனியன் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியதும் ஓட்டம் தடுமாறினால் அந்த சிலிண்டர் உழைக்கிறது. தடுமாறாவிட்டால் அது சும்மா இருந்திருக்கிறது. இரண்டே சிலிண்டர் உள்ள வண்டியில் ஒன்று சும்மா இருந்தால் பாதி பலம் போய்விடும். காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. அங்கே பைப்பின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

அடுத்தது காற்று. டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கத்தில் பைப்போ காப்பர் வாஷரோ தளர்ந்திருந்தால், வெளியே ஒரு சொட்டும் கசியாது; மாறாக, வெளிக்காற்று உள்ளே நுழையும். தரையில் ஈரம் தேடுபவர்கள் ஏமாறும் இடம் இது. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கொஞ்ச நேரம் கண்ணாடிபோன்ற டியூபைப் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரிந்துவிடும். மெக்கானிக் இருக்கையைத் தூக்கி, அடியிலிருந்த எஞ்சினில் டியூபை மாட்டிப் பார்த்தார். குமிழி இல்லை. ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து பார்த்தார். டீசலைவிடக் கனமானதால் தண்ணீர் இருந்தால் அடியில்தான் தங்கியிருக்கும். அதுவும் இல்லை.

ஒப்பீட்டுக்காக ஆய்வாளர் இந்நேரத்தில் மூன்று நூலகங்களுக்குச் சென்று, வண்டியைப் பார்க்காமலேயே அறுபது பக்கம் எழுதி முடித்திருந்தார்.

இயல் 5: டாங்கி மூடியும் அதன் ஓசையும்

இனி ஆய்வின் உயிர்நிலை.

திணறலுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. டாங்கியை நிரப்பிய நாளில் சீக்கிரம் வரும். பாதி டாங்கியில் தாமதித்து வரும். ஓரங்கட்டி ஒரு டீ குடித்தால் மறையும். ஒர்க்ஷாப்பை வந்தடைந்தால் சுவடே இருக்காது. நிரப்பினால்தானே வருகிறது, அப்படியானால் டீசலில்தான் கலப்படம் என்று முடிவுகட்டிய வியாபாரி, பங்க் மாற்றி பங்க் மாற்றிப் போட்டுப் பார்த்தார். எல்லா பங்க்கும் ஒரே அளவில் ஏமாற்றுகின்றன என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

மெக்கானிக் சொன்னது ஒரு வரி: "அடுத்த தடவ திக்குனா அங்கயே ஓரங்கட்டி, டாங்கி மூடியத் தொறந்து பாருங்கண்ணே."

வியாபாரி திறந்தார். டாங்கி "உஸ்" என்றது. வண்டி அதன்பின் குறையின்றி ஓடியது.

காரணம் எளிது. எஞ்சின் டீசலைக் குடிக்கக் குடிக்க, காலியான இடத்தை நிரப்ப வெளிக்காற்று டாங்கிக்குள் வந்தாக வேண்டும். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் குறையும். பம்ப் ஒருபக்கம் இழுக்க, டாங்கி மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். நிரம்பிய டாங்கியில் காற்றுக்கு இடம் குறைவு. அதனால் கொஞ்சம் டீசல் இறங்கினாலும் அழுத்தம் வேகமாகச் சரியும். நிறுத்தி வைத்தால் இடுக்கு வழியே காற்று மெல்ல நுழைந்து எல்லாம் சரியாகிவிடும். ஒர்க்ஷாப்பில் வண்டி நல்லபிள்ளையாக நின்ற மர்மம் இதுதான்.

இவ்விளக்கம் போதாது என்பது அறிஞர் கருத்து. "உஸ்" எத்தனை மாத்திரை?

உகரத்துக்கு ஒன்று, ஒற்றுக்கு அரை, ஆக ஒன்றரை மாத்திரை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது கைநொடிக்கும் நேரம். ஆனால் மலையேறிய பிறகு எழுந்த ஓசையோ, வியாபாரி மூடியைத் துண்டால் துடைத்து முடிக்கும்வரை நீண்டது. எனவே ஒற்றளபெடை. சிக்கல் இங்கேதான் எழுகிறது. நன்னூல் ஒற்றளபெடைக்கு ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள எனும் பத்து மெய்களையும் ஆய்தத்தையும் மட்டுமே அனுமதிக்கிறது. ஸகர ஒற்றோ கிரந்தம். எனவே டாங்கி இலக்கண வழு செய்கிறது என்பர் ஒரு சாரார். "உஃஃ" என எழுதிவிட்டால் ஆய்தம் அளபெடுத்து வழு நீங்கும் என்பர் மறு சாரார். (காண்க: மேற்படி பஞ்சர் கடைச் சீட்டின் ஓரத்தில், பெயரறியா உரையாசிரியர் ஒருவர் பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கிய குறிப்பு, பேனா எழுதுகிறதா என்று சோதித்த கிறுக்கல் அது என்பாரும் உளர்.)

மூன்றாம் சாரார் இன்னும் ஆழமாகச் சென்றனர். தொல்காப்பியப் பிறப்பியலின்படி எழுத்து, உந்தியிலிருந்து மேலெழும் காற்றால் பிறக்கிறது. டாங்கியின் ஓசையோ உள்நோக்கிப் போகும் காற்றால் பிறப்பது. ஆகவே அது எழுத்தே அன்று. இந்த ஒன்றில் மட்டும் மெக்கானிக்கும் அவர்களோடு உடன்பட்டார். வெயிலில் நின்ற வண்டியின் மூடியைத் திறந்தாலும் ஓசை வரும். ஆனால் அது வெளியே தள்ளும் காற்று, அதற்கும் திணறலுக்கும் தொடர்பில்லை. வாயில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே இழுக்க வேண்டும், அதுதான் சோதனை என்றார்.

அடைப்புக்குக் காரணம் மூடிக்கு அடியில் கிடைத்தது: பாலிதீன் பை ஒன்றைக் கிழித்து, டீசல் தளும்பாமல் இருக்க முந்தைய உரிமையாளர் சுற்றி வைத்திருந்தார். இதுவே ஆய்வின் மூலப்பிரதி. பையில் அச்சிட்டிருந்த எழுத்துகளை டீசல் அரித்திருந்தது, எஞ்சியவை "…ல்க்ஸ்". இது "சில்க்ஸ்" என ஒரு பதிப்பும், "மில்க்ஸ்" என மற்றொரு பதிப்பும் வெளிவர இருக்கின்றன. முதலாவது சரியெனில் வண்டி ஒரு திருமணத்துக்குச் சென்றிருக்கிறது. இரண்டாவது சரியெனில் பால் ஏற்றியிருக்கிறது. எப்படியாயினும் கோயில் வண்டி என்னும் கொள்கை தளர்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றும் முன் உ.வே.சா. பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். இன்றைய பதிப்பாசிரியர்கள் அதே பாலிதீனின் செல்போன் படத்தை, ஒருவர் அனுப்பியதை இன்னொருவருக்கு அனுப்பி, அதிலிருந்தே பாடபேதம் காண்கிறார்கள்.

முடிவுரை

திணறல் முதற்பொருளில் தோன்றி, புகையில் மௌனித்து, மாற்று மரபில் செலவாகி, மூடியில் வெளிப்படுகிறது என்பது இவ்வாய்வால் நிறுவப்படுகிறது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், இம்முடிவுகள் பெட்ரோல் வண்டிக்குப் பொருந்துமா என வினவினார். காற்று புகாத டாங்கி எந்த எரிபொருளையும் எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதால் பொருந்தும். ஆனால் அவ்விடையை அளித்தவர் தேநீர் கொண்டுவந்த பையன் என்பதால் அது கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாலிதீனை எடுத்துவிட்டு, காற்றுத்துளை உள்ள ஒரிஜினல் மூடியும் புது ரப்பர் கேஸ்கட்டும் போட வேண்டும் என்ற மெக்கானிக்கின் பரிந்துரை, உரிய மேற்கோள் சுட்டப்படாததால் நீக்கப்பட்டது.