காட்ரிஜுக்குள் ஒரு கிராணி

1993 வாக்கில் அலோர் ஸ்டார் வீடியோ கேம் கடைகளில் அசல் காட்ரிஜ் அபூர்வம். சூப்பர் நின்டெண்டோவின் தலையில் காப்பி எடுக்கும் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். ஃப்ளாப்பி போட்டால் ஆட்டம் ஏறிவிடும். பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பள்ளி விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வரும் எனக்கு அந்தக் கடைதான் உலகம்.

'சூப்பர் மரியோ கார்ட்' மட்டும் வெறும் ஃப்ளாப்பியில் அடம்பிடிக்கும். கடைத் தவுக்கே மேசை இழுப்பறையைத் திறந்து, சிப் உள்ள காட்ரிஜ் ஒன்றை எடுத்துப் பெட்டியின் மேல் செருகுவார். உடனே பாதை சாய்ந்து எங்களை நோக்கி ஓடிவரும். ஆட்டத்தை நகலெடுக்கலாம், சிப்பை நகலெடுக்க முடியாது. கடையிலேயே பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்ட பொருள் அதுதான்.

நின்டெண்டோ அதை டிஎஸ்பி-1 என்றது. என்.இ.சி. செய்த டிஜிட்டல் சிக்னல் பிராசஸர். 1990இல் 'பைலட்விங்ஸ்' காட்ரிஜிலேயே வந்துவிட்டது. இந்த வகை சிப்புகள் குரலுக்கும் தொலைபேசிக் கம்பிக்கும் பிறந்தவை. பெருக்கு, கூட்டு, மறுபடி பெருக்கு, கூட்டு: ஒலியைச் சுத்தம் செய்வது இந்தக் கணக்குதான். ஒரு புள்ளியைச் சுழற்றித் தூரத்துக்கு அனுப்புவதும் இதே கணக்குதான். சூப்பர் நின்டெண்டோவின் மூளைக்கு வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ், பெருக்கலுக்கென்று கட்டளையே கிடையாது. டிஎஸ்பியோ 16 பிட் எண்கள் இரண்டை ஒரே அடியில் பெருக்கும். திரையின் ஒவ்வொரு வரியிலும் தரை எவ்வளவு சுருங்க வேண்டும் என்று சைன், கொசைன் போட்டுச் சொன்ன கிராணி அது. படம் வரைந்தது சூப்பர் நின்டெண்டோ.

அட்டாரி 1989லேயே 'ஹார்ட் ட்ரைவி'னில் அனலாக் டிவைசஸ் டிஎஸ்பியை வைத்திருந்தது. 1994இல் சேகா 'வெர்ச்சுவா ரேசிங்' காட்ரிஜுக்குள் சாம்சங் டிஎஸ்பி ஒன்றைப் புதைத்தது. 1999இல் ஜிஃபோர்ஸ் 256 வந்து, வீட்டுக் கணினியில் இந்தக் கணக்கை கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இழுத்துக்கொண்டது.

இன்று இடம் மாறிவிட்டது. குவால்காம் சிப் உள்ள போன்களில் இருக்கும் ஹெக்ஸகன் டிஎஸ்பி வழிவந்தது. ஒலியையும் கேமராப் படத்தையும் பார்த்துக்கொள்கிறது. படம் வரையப் பிறந்த கிராஃபிக்ஸ் சிப்புகளோ செயற்கை நுண்ணறிவுக்காக ஓயாமல் பெருக்கிக்கொண்டிருக்கின்றன. ஒலிக்குப் பிறந்தது படத்துக்குப் போனது, படத்துக்குப் பிறந்தது பேச்சுக்குப் போகிறது. எனக்கு இது பேரதிசயம். பெருக்கலும் கூட்டலும் எந்த வேலைக்கும் போகும் என்பதைப் பிள்ளைகள் கையால் உணர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஜித்ரா பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகளிடம் போனை ஓரமாக வைக்கச் சொல்லி, ஒரு கனசதுரத்தைத் தாளில் திருப்பிப் பார் என்றேன். எட்டு மூலைகள், மூலைக்கு 9 பெருக்கல், மொத்தம் 72. ஒரு பக்கம் நிரம்பியது. தூரத்தால் வகுக்க இன்னும் 16 கணக்கு பாக்கி.

"சித்தப்பா, இதை நொடிக்கு முப்பது தடவையா?"

"ஆமாம்மா. அதுவும் ஒரே ஒரு பெட்டிக்கு."

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.