லண்டன் முடிந்தது, அடுத்தது பாரிஸ்

சென்னையில் தெருவுக்கு ஒரு கட்டுரைத் திட்டக்காரர் உண்டு. அவரைக் கட்டுரையாளர் என்று எண்ணிவிடக் கூடாது, கட்டுரையாளர் எழுதிவிடுவார். இவர் பள்ளியில் குறிப்புச்சட்டகம் போட்டுப் பாராட்டு வாங்கி, அதோடு நின்றவர். தெருமுனை மழைநீர் வடிகாலில் ஆண்டு முழுக்கச் சாக்கடை ஓடுகிறது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறார். நோட்டைத் திறந்தால் முன்னுரை மொகஞ்சதாரோவின் செங்கல் வடிகால்களில் தொடங்குகிறது. அங்கிருந்து 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியதற்குத் தாவுகிறது. நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்தது, பொறியாளர் பேசல்ஜெட் கட்டிய பாதாளச் சாக்கடை எல்லாம் வண்ணப் பேனாவில் இருக்கின்றன. "கட்டுரை எந்த அளவுல இருக்கு சார்?" என்றால், "லண்டன் முடிஞ்சிருச்சு, அடுத்தது பாரிஸ்" என்பார்.

வரலாறு தெரியாமல் எழுதலாமா என்று அவருக்காக வாதாடுபவர்கள் உண்டு. கூடாதுதான். ஆனால் அந்த வரலாறே அவருக்கு எதிர்சாட்சி: நாற்றம் மூக்கில் ஏறிய அதே கோடையில் லண்டன்காரர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள், மொகஞ்சதாரோவுக்குப் போய்வரவில்லை. (போக நினைத்திருந்தாலும் முடியாது, அதை அப்போது யாரும் தோண்டியிருக்கவில்லை.) இவர் தெருச் சங்கதி அரைப் பக்கத்தில் அடங்கும். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது. ஏப்ரல் வெயிலில் மழைநீர் வடிகால் ஓடினால் அது மழையல்ல; யாரோ வீட்டுக் குழாயைத் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறார். மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்குப் போன் போடலாம். கடைசியாக எப்போது ஆய்வு செய்தீர்கள் என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும்.

சோம்பேறி என்று தள்ளிவிடவும் முடியாது. சோம்பேறி தேம்ஸ் வரை போகமாட்டான். போகட்டும், யாருக்கும் கெடுதலில்லையே என்பதும் சரியில்லை. "அதான் சார் எழுதிக்கிட்டிருக்காரே" என்று தெருவில் மற்றவர்கள் பேனாவை மூடிவிடுகிறார்கள். தூரத்து ஊர்களில் ஒரு வசதி இருக்கிறது: லண்டன்காரனைத் திட்டினால் மறுநாள் பால் வாங்கப் போகையில் எதிரே வரமாட்டான். தெரு வடிகாலோ அப்படியல்ல. சோப்பு நுரையைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தால் முதலில் வருவது குடியிருப்போர் சங்கத் தலைவர் வீடு. அதற்கடுத்தது, போன வருஷம் மாடியில் புதுக் குளியலறை கட்டிய நம் திட்டக்காரரின் வீடு. பாரிஸுக்குப் பிறகு ரோமாபுரியும் இப்போது சேர்ந்திருக்கிறது.