பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாதுங்க

பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்பதில் கணியூரில் இரண்டு கட்சி கிடையாது. டீக்கடை பெஞ்சில் எல்லாக் கொடிக்காரர்களும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். அதனால் எங்கள் மடத்துக்குளம் பக்கத்துப் பிள்ளைகள் எதையெதைப் பார்த்தும் கெடாமல் வளர்கிறார்கள் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

மாரியம்மன் நோம்பிக்கு ஆடல்பாடல் வைக்கிறோம். அனுமதி வாங்க விழாக் கமிட்டிகள் உயர் நீதிமன்றம் வரைக்கும் போகும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மேடையில் இடுப்பு என்ன பாடு படுகிறது என்பதை முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பது ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும்தான். கெடவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், குமரலிங்கத்துச் சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். கூடப் படித்த பெண்ணைச் சாதி மாறிக் கட்டிக்கொண்டது அவன் செய்த குற்றம். கேமராவில் பதிவான அந்தக் கொலை வாட்ஸ்அப்பில் வீடு வீடாக வந்தது. அப்பன் போனை வாங்கிப் பையனும் பார்த்தான். கெடவில்லை. காலையில் இருட்டு விலகுமுன் மில் வேன் வந்து நிற்கிறது. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, பதினைந்து பதினாறு வயதுப் பெண்களை மூன்று வருடம் விடுதியில் பூட்டி நூற்பாலையில் வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிய சீமை இது. பஞ்சுத் தூசி நுரையீரலுக்குள் போகலாம். ஒரு கதைப் புத்தகம் கைக்குள் போனால்தான் அந்த வயதுக்கு ஆகாது.

புத்தகம் என்றால் எந்தப் புத்தகமும் இல்லை. திருப்பூர் புத்தகத் திருவிழாவில் வாங்கிய சிலவற்றை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம், எந்தப் பள்ளிக்குப் போயிருந்தாலும் இதே உரையாடல்தான் நடந்திருக்கும். அவற்றில் ஒன்று லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’. தலைமையாசிரியர் அதைத் திறக்கவில்லை. பின்னட்டையைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அப்புறம் ஒரே விரலால் மேசையின் என் பக்கத்துக்குத் தள்ளினார்.

“ஏனுங்ணா, இதெல்லாம் பசங்க படிக்கறதுங்களா? நாளைக்கு எவனாச்சும் அப்பனக் கூட்டிட்டு வந்து நின்னா நாந்தானுங்க பதில் சொல்லோணும்.”

“நல்ல புத்தகம் சார். கன்னடத்துல படமா எடுத்து, அதுல நடிச்சவருக்குத் தேசிய விருதே குடுத்தாங்க.”

“அது கன்னடங்ணா. நம்ம பள்ளிக்கூடத்துல அந்த மாதிரி யாரும் இல்லீங்க. அப்துல் கலாம் இருந்தாக் குடுங்க. இல்லீன்னா திருக்குறள் குடுங்க, தாராளமா வெச்சுக்கறேன்.”

திருக்குறளின் மூன்றாவது பாலில் 250 குறள் இருப்பதை நான் நினைவுபடுத்தவில்லை. அதையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்.

அந்த மாதிரி யாரும் இல்லையாம். வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டதும் வகுப்பு மொத்தமும் ஏன் சிரிக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? அந்த எண் தனக்கு வந்துவிடக் கூடாது என்று ஜூன் மாதமே கெஞ்சும் பையனைப் பார்த்ததில்லையா? நடையில் கொஞ்சம் நளினம் இருந்தால் போதும், ஆறாம் வகுப்பில் பட்டப்பெயர், எட்டாம் வகுப்பில் கழிப்பறையில் அடி, பத்தாம் வகுப்போடு திருப்பூரில் ஏதாவது ஒரு பவர் டேபிளில் கைமடி. டி.சி.யில் ‘நன்னடத்தை: நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் பள்ளிக்கூடம் சொன்னது உண்மையாகிவிடுகிறது. அந்த மாதிரி யாரும் அங்கே இல்லை.

அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கே படிப்பான் என்று கேட்கிறீர்களா? கம்பெனிச் சுவரில் படிப்பான். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. ஏற்றுமதிக் கம்பெனிகள் வாங்கி வைத்திருக்கும் எஸ்ஏ 8000 போன்ற சான்றிதழ்களில், சாதி, மதம், பாலினத்தோடு சேர்த்துப் பாலின ஈர்ப்பின் பேரிலும் எந்தத் தொழிலாளியிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் அது தமிழில் அச்சாகி, லேமினேஷன் போட்டு, தீயணைப்பு சிலிண்டருக்கு மேலே தொங்கும். எந்த முதலாளியும் அதைப் பார்த்துப் பண்பாடு போச்சே என்று அழவில்லை. எந்தச் சங்கமும் முற்றுகை அறிவிக்கவில்லை. வருடத்துக்கு 40,000 கோடி ரூபாயைத் தொடும் பின்னலாடை ஏற்றுமதி என்றால் சும்மாவா! டாலர் கொடுப்பவன் சொன்னால் மனித உரிமை, தமிழில் ஒருத்தி தன் கதையை எழுதினால் கலாச்சாரச் சீரழிவு.

ஜூன் மாதத்து ஊர்வலத்துக்காக வெளிநாட்டுக் கடைகள் விற்கும் வானவில் டீ-சர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு நிறத்தில் ஒன்று மங்கினாலும் செக்கிங்கில் பீஸைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அத்தனை கவனம். கழித்துக்கட்டிய பீஸ் காதர்பேட்டைக்கு வரும், அங்கிருந்து சந்தைக்கு வரும், நூறு ரூபாய்க்கு வாங்கிப் போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பையன் பெருமாள் கோயிலுக்குப் போவான். கலர் நன்றாக இருக்கிறதென்று அப்புச்சி மெச்சுவார். நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. மடியில் வைத்துப் படித்துவிடக் கூடாது.

பெருமாள் கோயில் என்றதும் ஞாபகம் வருகிறது. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் பெருமாளுக்கு மோகினி அலங்காரம். அழகான ஆண் தெய்வத்துக்குச் சேலை கட்டி, மூக்குத்தி வைத்து, ஜடை பின்னி, ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அந்த மோகினிக்கும் சிவனுக்கும் பிறந்த பிள்ளைக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் விரதமிருந்து, அதே தலைமையாசிரியர்கள் மலையேறுகிறார்கள். மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடு ஒன்று, அதை ஆடியவன் காமன் என்று பரீட்சைக்கு நெட்டுருப் போட வைக்கிறார்கள். ஒரு மார்க் கேள்வியாக இருக்கும் வரைக்கும் ஒன்றும் ஆபத்தில்லை. அதே ஆள் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்தான் தமிழ்ப் பண்பாட்டுக்கு மூச்சு வாங்குகிறது.

திருச்செங்கோட்டு மலையில் பாதி பெண்ணாகவே நிற்கிறார் அர்த்தநாரீசுவரர். அவருடைய பெயரைத் தமிழில் நூல் தலைப்பாக வைத்த பெருமாள்முருகனுக்கு நடந்தது உலகத்துக்கே தெரியும். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ 2014 கடைசியில் திடீரென்று எரிந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் அவரை உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுதச் சொல்லும் வரை அவர் வாய் திறக்கவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. மன்னிப்பு எழுதி வாங்கிய அடுத்த மாதமே நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதே 2015 பிப்ரவரியில், எங்கள் அமராவதி ஓடிப்போய்ச் சேரும் கரூரில், எழுத்தாளர் புலியூர் முருகேசனை வீடு புகுந்து தூக்கிப்போய் அடித்தார்கள். ‘பாலச்சந்திரன் என்றொரு பெயரும் எனக்குண்டு’ என்ற அவருடைய தொகுப்பில் ஒரு திருநங்கையின் கதை இருந்தது. அந்தக் கதையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் சாதிக் குடும்பத்தை இழிவுபடுத்திவிட்டான் என்றார்கள். அடி வாங்கியவர் மீதும் வழக்குப் பதிவானது. அடித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கதையை முழுசாகப் படித்திருப்பார்கள் என்று கேட்பது மரியாதையாக இருக்காது.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. பிள்ளை கெட்டுப்போகிறது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம்? குடித்தால் கெட்டுப்போனவன் இல்லை, வயசுப் பையன். பொண்டாட்டியை அடித்தால் கெட்டுப்போனவன் இல்லை, கோபக்காரன். அப்பன் காட்டின இடத்தில், சொந்தச் சாதியில், சீர் எண்ணி, தோட்டம் பங்கு போகாமல் கட்டிக்கொள்ள மறுத்தால்தான் கெட்டுப்போனான். சங்கர் கெட்டது அப்படித்தான். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ நினைத்தால் கெடுவதும் அப்படித்தான். யாருக்கு யார்மேல் ஆசை வர வேண்டும் என்பதைத் தோட்டத்துப் பட்டாதான் தீர்மானிக்கிறது. அதற்கு இடைஞ்சலாக வருகிற எந்தக் கதையும் ஆபாசம்.

இந்தப் பயம் கொங்குச் சீமைக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால் டெல்லிக்காரர்களுக்கு வருத்தமாகிவிடும். மூன்றாம் பாலினக் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி 2021இல் ஒரு கையேடு தயாரித்தது. பிள்ளைகளுக்கு இல்லை, வாத்தியார்களுக்கு. புகார் கிளம்பிக் குழந்தைகள் உரிமை ஆணையம் கடிதம் எழுதியதும், சில நாட்களில் அது இணையதளத்திலிருந்து காணாமல் போனது. குழந்தைகளின் உரிமையைக் குழந்தைகளிடமிருந்தே காப்பாற்றிவிட்டார்கள். ஹங்கேரியில் இன்னும் நேர்த்தி. 2023இல் ஒரு புத்தகக் கடைக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரின்ட் அபராதம். இரண்டு பள்ளிப் பையன்களின் காதலைச் சொல்லும் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ என்ற படக்கதையைப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடாமல் விற்றார்களாம். அந்தக் கதையை நெட்பிளிக்ஸில் தொடராகவே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் பிளாஸ்டிக் உறை தேவையில்லை, பீரோ இருக்கிறது.

நடுவில் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளர் முன் மாணவனைப் போல உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பளித்தார். ‘குணப்படுத்துகிறேன்’ என்று கிளம்பும் மருத்துவத்துக்குத் தடை, பள்ளிகளில் விழிப்புணர்வு என்று உத்தரவுகள் போட்டார். உயர் நீதிமன்ற நீதிபதி பாடம் கேட்கலாம். எங்கள் தலைமையாசிரியருக்கு அந்த அவசியம் இல்லை. பின்னட்டை போதும்.

சரி, என்ன படிக்கக் கொடுக்கலாம்? சு.சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யில் தொடங்கலாம். பொறியியல் படிக்கப்போன கிராமத்துப் பையன் திருநங்கையாவதைச் சொல்லும் நாவல். 1990களில் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. மாமியாரும் மருமகளும் முறை வைத்துப் படித்தார்கள், ஒரு குடும்பமும் கவிழவில்லை. இன்றைக்குச் சில இடங்களில் அதன் மொழி பழசாகத் தெரியும், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அடுத்து ‘நான் வித்யா’, அதற்குப் பிறகு பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’. வெளியிலிருந்து பரிதாபப்பட்டு எழுதுவதற்கும் வாழ்ந்தவர் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் சொல்லாமலே விளங்கும். நர்த்தகி நடராஜ் ஏற்கெனவே பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இருக்கிறார், 2019இல் பத்மஸ்ரீயும் வாங்கிவிட்டார். அதை நடத்தும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளாமல் நடத்தினால் போதும்.

கூடவே பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. நம் காட்டில், நம் ஆட்டை மேய்த்த பண்ணையத்துச் சிறுவர்களின் கதை. ‘பூக்குழி’யும் வேண்டும், சாதி மாறிய கல்யாணத்துக்கு நம் ஊர் என்ன சீர் செய்யும் என்று தெரிந்துகொள்ள. அதைத் தர்மபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். இவற்றைத் தனித்தனி அலமாரியில் பிரித்து வைக்காதீர்கள், இவை எல்லாவற்றையும் ஒரே பயம்தான் பூட்டி வைத்திருக்கிறது. ஆங்கிலம் வரும் பிள்ளைக்கு ஹிமாஞ்சலி சங்கர் 2014இல் எழுதிய ‘டாக்கிங் ஆஃப் முஸ்கான்’ இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் நம் எழுத்தாளர்கள்மேல் கோபம் வருகிறது. சிங்கமும் முயலும் எழுதிக் கைவலித்துப் போனவர்களே, சேலை கட்டிப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு பையன் உங்கள் காட்டில் ஒருமுறைகூட எதிர்ப்படவில்லையா?

இதையெல்லாம் கல்வித்துறைக்கு மனுவாக எழுதிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். வேறொரு வழி வைத்திருக்கிறேன். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருக்கிற ஏதாவது ஒரு பையர், அடுத்த ஆடிட் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: உங்கள் தொழிலாளர்களின் ஊர்ப் பள்ளிகளில் இந்தப் புத்தகங்கள் இருக்கின்றனவா, போட்டோ இணைக்கவும். திங்கட்கிழமை மெயில் வந்தால் வியாழக்கிழமைக்குள் கணியூர் வரைக்கும் புத்தகம் வந்திறங்கும். சங்கத் தலைவரே குத்துவிளக்கு ஏற்றுவார். நம் தலைமையாசிரியர் ‘நான் வித்யா’வை நெஞ்சோடு அணைத்தபடி போட்டோவுக்கு நிற்பார், பின்னட்டை வெளியே தெரிகிற மாதிரி.

ஆடிட்டர் வண்டி சுங்கச்சாவடியைத் தாண்டுகிற வரைக்குமாவது பீரோ திறந்திருக்கும்.