கழட்டிப் போட்ட காரும் காலித் தீப்பெட்டியும்

வாடா பேராண்டி. இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்னடா அது, நீலமா? உறையா? கழட்டு மொதல்ல. பிரசவம் பாக்குற டாக்டரு மாதிரி கையுறை மாட்டிக்கிட்டு கார் வேலை பாக்குறவனை ஆனைக்குட்டம் இப்பத்தான் பாக்குது.

லாரியில வந்து எறங்குனப்ப முழுக் காராத்தானடா எறங்குச்சு? நானும் வேடிக்கை பாத்தேன். நாலு சக்கரம் இருந்துச்சு, ரெண்டு கதவு இருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு எட்டிப் பாத்தா, அது இருபது அட்டைப்பெட்டிக்குள்ள கெடக்கு. நட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பை மேல இங்கிலீசுல பேரு. உனக்குப் பேரு வைக்கவே உங்க அப்பன் மூணு மாசம் யோசிச்சான். நீ ஒரே ராத்திரியில நானூறு நட்டுக்குப் பேரு வச்சிருக்க. கெட்டிக்காரன்தான்.

ரெஸ்டோரேசன் பண்றியாமே? நாங்க அதுக்கு "வேலை பாக்குறது"ன்னு சொல்லுவோம். வேலைன்னு சொன்னா சாயங்காலம் முடிஞ்சிரும். ரெஸ்டோரேசன்னு சொன்னா முடியாது போலருக்கு.

அப்புறம், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறியே, "பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரு"ன்னு. எவன்டா சொன்னான்? அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மெட்ராசுக்குத் தெக்க வண்டலூர் பக்கம் பொறந்த புள்ள. 1961-லருந்து அங்ஙன செஞ்சாக. சீமையில டிரையம்ப் கம்பெனிக்காரன் அதே காரை 1959-ல எறக்குனான். அந்த ஹெரால்டு சேசிஸைக் குட்டையா வெட்டி, மேல ஒரு ரெண்டு சீட்டு உடம்பை வச்சு 1962-ல ஸ்பிட்ஃபயருன்னு விட்டான். ரெண்டுக்கும் படம் போட்டவன் ஒருத்தன்தான், இத்தாலிக்காரன் மிச்செலோட்டி. ஆக, ஸ்போர்ட்ஸ் காரு உன் வண்டிக்குத் தம்பி முறை. தம்பி பந்தயத்துல ஓடுறான்னு அண்ணன் டவுசர் மாட்டிக்கிட்டு அலையலாமா? எஞ்சின் 948 சிசி. நம்ம தெரு முக்குல நிக்குற மோட்டார்சைக்கிள் ரெண்டைக் கூட்டினா இதைத் தாண்டிரும்.

அதுக்காக வண்டியைக் கொறை சொல்றேன்னு நெனைக்காத. எங்க மொதலாளி ஒண்ணு வச்சிருந்தாரு. வெள்ளை. எனக்குப் பட்டாசு ஆலையில ஃபோர்மேன் சோலி; ஞாயித்துக்கிழமை அந்த வண்டிக்கு அடியில சோலி. மூக்கைத் தூக்குனா மக்காடு, லைட்டு, எல்லாம் சேந்து மொத்தமா முன்னால சாயும். வேற எந்த வண்டியில மெக்கானிக்குக்கு உக்கார எடம் வச்சிருக்கான்? இதுல முன்டயரு மேல ஒரு சாக்கைப் போட்டு உக்காந்துக்கிட்டு, டீயைக் குடிச்சுக்கிட்டே கார்புரேட்டரைத் தொடைக்கலாம். இருபத்தஞ்சு அடி எடம் குடுத்தா ஒரே ஒடியில திரும்பிரும். மாட்டுவண்டி திரும்ப முடியாத முடுக்குல எல்லாம் நான் திருப்பிருக்கேன். என்ன, வேகமா போயி வளைவுல ஒடிச்சா மட்டும் பின்சக்கரம் உள்ளாற மடங்கும். அதனால ஒடிக்காத. அம்புட்டுத்தான் வைத்தியம்.

சரி, பச்சைப் பெயிண்டு வாங்கிருக்கியாமே. பந்தயப் பச்சையா? 1903-ல அயர்லாந்துல ஒரு பந்தயம் நடந்துச்சு, அந்த மண்ணுக்கு மரியாதையா இங்கிலீசுக்காரன் பச்சை பூசிட்டுப் போனான், அதுலருந்து அவன் கலரு பச்சைன்னு நீதான சொன்ன? நல்ல கதை. அயர்லாந்து மண்ணு பச்சை, அவன் பச்சை பூசினான். நம்ம மண்ணு கரிசல். நீ என்ன பூசணும், சொல்லு பாப்போம்? கலரை விடு. எந்த மாசத்துல பூசப் போற? ஆடியில! ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், நீ கீத்துக் கொட்டகையில ஸ்பிரே அடிக்கப் போறியாம். காலையில பாத்தா பச்சைக் காரு இருக்காது. புழுதி ஒட்டுன அதிரசம் இருக்கும்.

தகரத்தைப் பத்தி வேற ஒரே பொலம்பல். "தாத்தா, சீமையில இந்த வண்டியெல்லாம் துருப்புடிச்சே செத்துருச்சாம், சேசிஸோட பக்கக் கையெல்லாம் இத்து விழுந்துருமாம், நான் எல்லாத்தையும் அறுத்து மாத்தணும்"னு நிக்குற. ஏலே, அது மழை பெய்யுற ஊரு. ரோட்டுல உப்பு வேற போடுவான். மெட்ராஸ் வண்டின்னாலும் கடல் காத்து தின்னுருக்கும். இங்ஙன மழையை நீ எப்ப கடைசியா பாத்த? அர்ச்சுனா ஆத்துல தண்ணி வந்தா நாம அணைக்கரைக்கு வேடிக்கை பாக்கப் போறோம், கல்யாணத்துக்குப் போற மாதிரி. வானம் பொய்ச்ச பூமின்னு தான 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போயி தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாக? ஈரமில்லாத காத்து குச்சி காய நல்லது. தகரத்துக்கும் நல்லது. சுத்தியலை எடுத்துத் தட்டிப் பாரு. டங்குன்னு கேட்டா விட்டுரு. பொதுக்குன்னு கேட்டா வெட்டு. நல்ல தகரத்தை அறுத்துப் போட்டுட்டு புதுத் தகரத்துக்கு அலையுறது, ஆத்தா குடுத்த பல்லைப் புடுங்கிட்டு தங்கப்பல்லு கட்டுற கதை.

அந்த ஸ்பானரு செட்டைக் காட்டு. ஆத்தாடி, பொட்டிக்கே ஆறாயிரமா? பளபளன்னு இருக்கு. பதிமூணாம் நம்பரை எடு. அந்த நட்டுல மாட்டு. ஆட்டு. ஆடுதுல்ல? சீமை வழி வந்த வண்டிக்கு அங்குலக் கணக்கு. அது அரை அங்குல நட்டு, அதாவது 12.7 மில்லி. உன்னோடது 13. நடுவுல முடி கனத்துக்குச் சந்து. நீ பலத்தைக் காட்டி ஒரு நெம்பு நெம்புனா ஸ்பானரு சுத்தும், நட்டோட மூலை மழுங்கும், ஆறுபட்டை நட்டு வட்டமாயிரும். பொறவு அதைக் கழட்ட உளி, சுத்தியல், கெட்ட வார்த்தை மூணும் வேணும். காயலான் கடையில கெடந்து துருவேறுன பழைய அங்குல ஸ்பானரு நாலு போதும்டா.

இப்ப முன்சக்கரத்துக்கு வா. இதை மட்டும் காது குடுத்துக் கேளு, ஏன்னா இது என் மானம் போன கதை. முன்சக்கரத்துக்கு அடியில, கீழ்க்கை வந்து சேருற எடத்துல, பித்தளை மாதிரி ஒரு துண்டு இருக்கும். டிரன்னியன்னு சொல்லுவாக. சக்கரம் தாங்குற செங்குத்துக் கம்பி அதுக்குள்ள மரையில ஏறி நிக்கும். ஸ்டீரிங்கைத் திருப்புறப்ப எல்லாம் அந்த மரை சுத்தும். அதுக்கு எண்ணெய் ஊத்தணும், கியர் எண்ணெய். கிரீஸ் வைக்கக் கூடாது. கிரீஸ் கெட்டிப்பட்டு மரைக்குள்ள போகாம வாசல்லயே நின்னுக்கும். உள்ள காஞ்சு, துருவேறி, ஒருநா முறியும். எனக்கு இதெல்லாம் தெரியாது. கிரீஸ் கன்னு கையில இருக்கேன்னு எல்லா ஓட்டையிலயும் அடிச்சேன். ரெண்டு வருசம் ஓடுச்சு. ஒரு வெள்ளிக்கெழமை சாத்தூர் ரோட்டுல, நல்லவேளை மெதுவாத் திரும்புறப்ப, இடது சக்கரம் அப்படியே படுத்துக்கிச்சு. மாடு படுக்குற மாதிரி, சத்தமில்லாம. மொதலாளி வையல. பக்கத்துக் கடையில கால்படி சேவு வாங்கி என் கையில குடுத்து, "தின்னுக்கிட்டே காவலுக்கு நில்லு, நான் பஸ்ல போறேன்"னாரு. வஞ்சிருந்தாக்கூட மறந்துருப்பேன்.

உன் பைகளைப் பாத்தேன். "டிரன்னியன்"னு எழுதி ஒட்டிருக்க, அழகான கையெழுத்து. எண்ணெய் வாங்கிருக்கியா?

அப்புறம் நேத்து என் வயித்துல புளியைக் கரைச்சது ஒண்ணு இருக்கு. டிக்கிக்குள்ள இருந்த பெட்ரோல் டாங்கியை எடுத்து வெளிய வச்சிருந்த. பக்கத்துல வெல்டிங் மிசினு. "ஒரு சின்ன ஓட்டைதான் தாத்தா, டாங்கி காலியாத்தான் இருக்கு"ன்ன.

காலியாம்!

நான் முப்பது வருசம் மருந்து கூட கெடந்தவன்டா. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூளு. எங்க ஷெட்டுல ஒரு நேரத்துக்கு நாலு பேருக்கு மேல கூடாது. செருப்பு வாசலுக்கு வெளிய. இரும்புச் சாமான் உள்ள வராது, உரசுனா பொறி. உன் கொட்டகையில நேத்து எண்ணுனேன், பதினொரு பேரு. அதுல பத்துப் பேரு போன் புடிச்சுக்கிட்டு நிக்குறான். ஷெட்டுல நான் எதைப் பாத்துப் பயந்தேன்னு நெனைக்குற? மூட்டையைப் பாத்தா? மூட்டை கண்ணுக்குத் தெரியும், எல்லாரும் ஒதுங்கிப் போவாக. கூட்டி முடிச்ச பொறவு மூலையில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும் பாரு தூசி, அதைப் பாத்துத்தான் பயந்தேன். டாங்கியும் அப்படித்தான். நெறைஞ்ச டாங்கிக்குள்ள காத்துக்கு எடமில்ல. காலி டாங்கிக்குள்ள பெட்ரோல் ஆவியும் காத்தும் சம்பந்தி மாதிரி ஒட்டி உக்காந்திருக்கும். நெருப்பைக் காட்டுனா அது டாங்கி இல்ல, அணுகுண்டு. நாம வருசம் பூரா மத்தவனுக்குப் பட்டாசு செய்யுறோம். நம்ம வீட்டுக் கொட்டகையிலயே ஒண்ணு வெடிக்கணுமா?

மூணு நாள் கழுவணும், சோப்புத் தண்ணி வச்சு. பொறவு தண்ணியை நெறைச்சு, ஓட்டை இருக்க எடம் மட்டும் மேல தெரியுற மாதிரி வச்சு, தொழில் தெரிஞ்ச கிழவன் எவனாவது ஈயம் வைப்பான். அவன்கிட்டக் கொண்டுபோ. அதுவும் ஊருக்கு வெளிய. வெல்டிங் மிசினைக் கொட்டகையை விட்டு எடு. டாங்கி வேலையோட, அந்தப் பழைய ரப்பர் குழாயையும் மாத்திரு. இப்ப பம்புல ஊத்துற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது பங்கு எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்காது, ஊறிப்போயி ஒழுக ஆரம்பிக்கும். புதுக் குழாய் அடி நூறு இருநூறுக்குக் கெடைக்கும். ஆனா நீ அதை "ஒரிஜினல் இல்ல"ன்னு ஒதுக்கிட்டியாமே.

ஒரிஜினல் பைத்தியம்தான்டா எனக்குப் புரியவே மாட்டேங்குது. எது ஒரிஜினல்? இங்கிலாந்துல ரெண்டு கதவு. நம்மாளு பொறவு நாலு கதவு வச்சு ஒரு ஹெரால்டு செஞ்சான், நம்ம குடும்பம் பெருசுன்னு. சீமையில அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. அது ஒரிஜினலா, போலியா? 1972-ல அதையே கொஞ்சம் மாத்தி கெசல்னு பேரு வச்சான். கடைசியா 1985-ல அந்தக் கம்பெனி ஸ்டாண்டர்ட் 2000-ன்னு ஒண்ணை எறக்குச்சு. உடம்பு சீமை ரோவரு, அம்புட்டுப் பகட்டு. உள்ள வச்சது பழைய வேன்ல ஓடுன எஞ்சினு. மணமேடையில மாப்பிள்ளை கோட்டு சூட்டு, உள்ள கிழிஞ்ச பனியன். மூணே வருசம், 1988-ல ஆலையே மூடிருச்சு. எங்க மொதலாளி வண்டியில பானெட்டுக் கொக்கிக்கு அடியில நான் வச்ச வாசரு என்ன தெரியுமா? அச்சகத்துல தேஞ்சு தூக்கிப் போட்ட ஆப்செட் ரப்பரு. சிவகாசி சாமான். காலண்டர்ல முருகனும் லட்சுமியும் அச்சடிச்ச ரப்பரு. கடைசி வரைக்கும் கடகடன்னு சத்தமே இல்ல.

சட்டம் படிச்சியா? 2021-ல போட்டாக. அம்பது வருசம் தாண்டுன வண்டிக்கு வி.ஏ.ன்னு தனி நம்பரு, இருபதாயிரம் ரூவா கட்டணம், பத்து வருசத்துக்குச் செல்லும். கட்டிட்டு தெனம் ஓட்டலாமான்னா, முடியாது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அம்புட்டுத்தான். இன்னொண்ணும் இருக்கு: சேசிஸ், உடம்பு, எஞ்சின்ல பெரிய மாத்தம் பண்ணிருக்கக் கூடாதாம். நீ என்னடான்னா நல்ல சேசிஸை அறுக்க மிசினு வாடகைக்கு எடுத்துட்டு வந்து நிக்குற.

சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. வண்டி நல்ல வண்டி. நீயும் நல்ல பயதான், கொஞ்சம் போன் பாக்குறதைக் கொறச்சா. நான் சொல்றதைச் செய்யி. நாளைக்கு வெள்ளன எஞ்சின் சம்பந்தப்பட்ட பையை மட்டும் பிரி. மத்ததைத் தொடாத. டாங்கி வேணாம், ஒரு சின்னக் கேன்ல பெட்ரோலைத் தொங்கவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம். வீட்டுக்கு வெளிய, மரத்தடியில. டிஸ்டிரிபியூட்டரு மூடியைத் தொற. உள்ள குட்டியா ரெண்டு பாயிண்டு, ஒண்ணை ஒண்ணு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்கும். இத்தனை வருசம் சும்மா கெடந்ததுல மேல கறுப்பு ஏறிருக்கும், அதான் பொறி வராது. அதைத் தேய்க்க நீ அமெரிக்காவுல ஏதோ அரம் ஆர்டர் போட்டிருக்கன்னு உங்கம்மா சொன்னா. வர்றதுக்கு மூணு வாரமாம். இடைவெளி பதினஞ்சு தவ்வு, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல பதினஞ்சு பங்கு இருக்கணும், அரை மில்லிக்கும் கீழ. அதை அளக்கவும் ஒரு மிசினாம்.

ரெண்டையும் ரத்து பண்ணு. வர்றப்ப ஒரு தீப்பெட்டி கொண்டா. பக்கவாட்டுல மருந்து தடவுன பட்டை இருக்குல்ல, அதை நறுக்கி நடுவுல விட்டு நாலு இழுப்பு இழுத்தா பாயிண்டு கண்ணாடி மாதிரி ஆயிரும். சுத்தமாத் தொடைச்சிட்டு, அந்த அட்டையையே சொருகி இடைவெளி வச்சிரலாம். பொறவு வேணா உன் மிசினு வந்து சரியா தப்பான்னு சொல்லட்டும்.

காலிப் பெட்டி போதும்டா. குச்சியையெல்லாம் வீட்டுல உங்கம்மாகிட்டக் குடுத்துட்டு வா.